பெட்டியிலிருந்து தோலுக்கு

மேற்கத்திய பாப் இசைக்காரர்களுக்கு இந்தியா என்றால் ரொம்ப காலம் சித்தார்தான். 1965ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாட்டில் சித்தாரை மீட்டினார். அடுத்த வருசமே ரவிசங்கரிடம் பாடம். 1968ல் ரிஷிகேசத்தில் தியானம். அப்புறம் ஊதுபத்திப் புகைக்குள் கண் மூடி உட்கார்ந்து கேட்கிற ஒரு சமாச்சாரமாக இந்திய இசை வெள்ளைக்காரன் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. 1990களில் லண்டனில் வளர்ந்த ஆசியப் பிள்ளைகள் தாங்களே மின்னணு இசை செய்ய வந்தபோது சித்தார் கொஞ்சம் ஒதுங்கித் தபலா வந்தது. தபலாவை வைத்துத் தல்வின் சிங் செய்த 'ஓகே' இசைத்தட்டுக்கு 1999ல் இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசு கிடைத்தது. பஞ்சாபிகள் தங்கள் டோலைக் கொண்டுபோனார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எழவு வீட்டு வாசலிலும் மாரியம்மன் திருவிழாவிலும் அடிக்கிற நம்ம உறுமி? இந்திய இசை என்று லேபிள் ஒட்டிக் கப்பலேறிய சரக்கில் அதைத் தேடிப் பாருங்கள்.

2007 ஆகஸ்டில் ஒரு ஈழத் தமிழ்ப் பெண்ணின் இரண்டாவது இசைத்தட்டு லண்டனிலிருந்து வெளிவந்தது. பெயர் 'கலா'. அதிலுள்ள 'பாய்ஸ்' என்ற பாட்டைப் போட்டால் தோல் அதிர்கிறது. சித்தார் இல்லை, வீணை இல்லை, கண் மூடுகிற வேலையே இல்லை. நம்ம தெருவில் சாமி வருகிறபோது பிள்ளைகள் பின்னாலே ஆடிக்கொண்டு போவார்களே, அந்தச் சத்தம். நியூயார்க்கிலும் லண்டனிலும் நடனக் கூடங்களில் அதற்கு ஆடினார்கள்.

இந்தச் சத்தம் அங்கே எப்படிப் போனது, யார் கையால் போனது, போன பிறகு அந்தக் கைக்கு என்ன ஆனது என்பதுதான் இங்கே விசயம்.

எம்.ஐ.ஏ. என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்ட மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம் 1975ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். தகப்பன் அருளர், ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். (மேற்கத்திய பத்திரிகைகள் அவரைப் புலி என்றே எழுதித் தள்ளின. தமிழன் கையில் துப்பாக்கி இருந்தால் அவர்களுக்கு எல்லாம் ஒரே இயக்கம்தான்.) தகப்பன் வீட்டில் இல்லை. சண்டைக்கு நடுவே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் தாய் கலா. யாழ்ப்பாணம், இடையில் கொஞ்ச காலம் சென்னை, கடைசியில் 1986ல் அகதிகளாக லண்டன். மிட்சமில் அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிவைத்த குடியிருப்பில் வீடு. தாய் தையல் வேலை பார்த்தார். என்ன தைத்தார் தெரியுமா? பிரிட்டிஷ் அரசி கொடுத்த பதக்கங்களின் நாடாக்களை. முப்பது வருசமாகக் கையால் அதைத் தைத்தார் என்று மகள் பிற்பாடு எழுதினார்.

முதல் இசைத்தட்டு 2005ல் வந்த 'அருளர்'. தகப்பன் பெயர். அதைச் செய்தது ஒரு பெட்டி. ரோலண்ட் எம்.சி.505 என்று ஒரு கருவி. தாளத்தையும் அடித்தொனியையும் பொத்தானை அழுத்தி அடுக்கிக்கொள்ளலாம். இசைப் பள்ளிக்குப் போகாத, ஓவியமும் திரைப்படமும் படித்த பெண், பீச்சஸ் என்ற பாடகி காட்டிக்கொடுத்த அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வீட்டறையில் உட்கார்ந்து பாட்டுச் செய்தார். 'கலாங்' என்ற பாட்டு முதலில் 500 தட்டுதான் அச்சானது, 2003ல். அந்த இசைக்குச் சதை கிடையாது. எலும்பு மட்டும். டிக் டிக் என்று காய்ந்த தாளம், மேலே ஜமைக்கா சாயலில் லண்டன் தெருப்பேச்சு. பாட்டுக்குள் குண்டு, போராளி, அகதி எல்லாம் இருந்தார்கள். ஆனால் சத்தத்தில் யாழ்ப்பாணமும் இல்லை, மதுரையும் இல்லை. தனி ஆள் ஒரு அறைக்குள் செய்தது என்பது காதில் விழும். அது குறையில்லை, அதன் அழகே அதுதான். மெர்க்குரி பரிசுக்கான பட்டியலிலும் அது இடம்பெற்றது.

முதல் தட்டு பேர் வாங்கிவிட்டால் இரண்டாவது தட்டில் இசைக்காரர்களுக்குக் கண்டம். கம்பெனிக்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான். அதே மாதிரி இன்னொண்ணு போடு என்பான், இல்லையென்றால் பெரிய ஆளை வைத்துப் பளபளப்பாக்கு என்பான். எம்.ஐ.ஏ.வுக்கும் திட்டம் அதுதான். அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்ற பெரும்புள்ளியோடு உட்கார்ந்து தட்டின் பெரும்பகுதியைச் செய்வது. நியூயார்க்கின் புரூக்ளினில் வீடும் எடுத்தாகிவிட்டது. 2006ல் அமெரிக்கா விசா கொடுக்க மறுத்தது. தமிழச்சி, தகப்பன் இயக்கக்காரர், பாட்டிலே துப்பாக்கிச் சத்தம். வேறென்ன வேண்டும்?

அந்த விசா கிடைத்திருந்தால் 'கலா' இப்படி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அமெரிக்கக் கூடத்தில் குளிர்சாதனத்துக்கு நடுவே இன்னொரு பளபளப்பான தட்டு பிறந்திருக்கும். வாசலில் நிறுத்தப்பட்டதால் அவர் வேறு பக்கம் நடந்தார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. கூடவே 'ஸ்விட்ச்' என்கிற டேவ் டெய்லர் என்ற லண்டன் தயாரிப்பாளர். போன இடத்தில் கிடைத்த மனுசர்களைப் பாடவும் அடிக்கவும் வைத்துப் பதிவு செய்து, பிறகு அதைக் கணினியில் வெட்டி ஒட்டினார்கள். டிம்பலாண்ட் கடைசியில் ஒரே பாட்டில்தான் வருகிறார், தட்டின் கடைசிப் பாட்டில். நல்ல பாட்டு இல்லை அது.

பாணி மாறியது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். நடந்தது பாணி மாற்றம் மட்டுமில்லை. முதல் தட்டில் ஒரு பெண்ணும் ஒரு பெட்டியும். இரண்டாவது தட்டில் கும்பல். சத்தம் சத்தத்தின் மேல் ஏறி மிதிக்கிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், கோழி கூவுகிறது, மீனவர்கள் படகு இழுக்கிற சத்தம் கேட்கிறது. எலும்பாக இருந்த தாளத்துக்கு ரத்தமும் சதையும் வந்துவிட்டன. முதல் தட்டு தகப்பன் பெயரில் வந்த அரசியல் தட்டு; இது தாய் பெயரில் வந்த தட்டு. மகளே சொன்னபடி, தாயின் பாடுகள்தான் இதன் பொருள். சோறாக்கியவள், துணி தைத்தவள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லை தாண்டியவள். அப்படிப்பட்ட வீட்டில் எப்போதும் நாலு பேர் சத்தம் இருக்கும்.

உறுமிக்கு வருவோம். 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டு பாட்டும் உறுமியின் முதுகில் ஏறித்தான் போகின்றன. உறுமி தெரியாத நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இடை சிறுத்த இருமுக மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது ஒரு விம்மல் வரும், மாடு அடிவயிற்றிலிருந்து முனகுகிற மாதிரி. அது ஒரே இடத்தில் நிற்காது, வழுக்கி மேலே போகும், கீழே இறங்கும். லண்டன் மின்னணு இசைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கருவியில் உண்டாக்குகிற அந்த வழுக்குகிற அடித்தொனி இருக்கிறதே, அது நம்ம ஆள் தோளில் தொங்குகிறது. எம்.ஐ.ஏ.வின் காதுக்கு இது பிடிபட்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். முதல் தட்டில் பெட்டியில் தேடிய சத்தத்தை இரண்டாவது தட்டில் தோலில் கண்டெடுத்தார்.

தொட்டிய நாயக்கர்கள் இதைத் தேவதுந்துபி என்று சாமிக்கு ஒப்பாக வைத்திருக்கிறார்கள். ஆகவே இது ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமான கருவி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழவுக்கும் திருவிழாவுக்கும் அட்வான்ஸ் கொடுத்துக் கூப்பிடுகிற மேளக்காரர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது கூப்பிடுகிறவருக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். அதே உறுமி தோட்டத் தொழிலாளிகளோடு கடல் தாண்டி மலேசியா, சிங்கப்பூர் போனது. அங்கே கீழ்த்தட்டுத் தமிழ்ப் பையன்களின் அடையாளமாகவே ஆனது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் அடிக்க 1973லேயே தடை வந்தது. 2015ல் உறுமி அடித்த தகராறில் மூன்று தமிழர்களைப் போலீஸ் பிடித்தது. அதற்கடுத்த வருசம்தான் சில இடங்களில் வாசிக்க அனுமதித்தார்கள். போன இடமெல்லாம் இந்தச் சத்தத்துக்குக் காவல்காரன் இருந்தான்.

நம் ஊரில் காவல்காரன் யார்? தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, யாழ் என்று வரிசை சொல்கிறபோது பறையையும் சேர்த்தே சொல்கிறது. புறநானூற்றில் துடியனும் பாணனும் பறையனும் கடம்பனும் குடிகளாக நிற்கிறார்கள். எம்.ஏ. தமிழில் இதையெல்லாம் பெருமையோடு நடத்துவார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அந்தப் பறையை அடிக்கிறவனுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். 1928ல் சென்னையில் சங்கீத வித்வத் சபை ஆரம்பித்தார்கள்; அது அவாள் சபை, விடுங்கள். அதற்கு எதிராக, தமிழிலே பாடு என்று சண்டை போட்டு 1943ல் தமிழ் இசைச் சங்கம் கண்டார்களே, அவர்கள்? மொழி மாறியது. மேடையில் உட்கார்ந்த வாத்தியம் மாறவில்லை. தெலுங்குக் கீர்த்தனைக்கு வாசித்த அதே மிருதங்கம் தமிழ்க் கீர்த்தனைக்கும் வாசித்தது. பறையும் உறுமியும் மண்டபத்துக்கு வெளியே தெருவில்தான் நின்றன. தமிழிசை என்றால் எந்தத் தமிழனின் இசை என்ற கேள்வியை அந்த இயக்கம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஈழத்திலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துக் கௌரவம் நாதசுரமும் தவிலும். பறை மேளம் சாவுக்கு. அடிக்கிறவர் வாசலுக்கு வெளியே. 1968ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போகத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்த ஊர் அது. கே. டானியல் 'பஞ்சமர்' நாவல் எழுதியது சும்மா இல்லை. எனவே ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் தன் தாயின் பெயர் வைத்த தட்டுக்குத் தமிழ்ச் சத்தம் தேடும்போது தவிலை விட்டுவிட்டு உறுமியை எடுத்தது எனக்குச் சின்ன விசயமாகப் படவில்லை. சாதி பார்த்து எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. காதால் பார்த்துத்தான் எடுத்திருப்பார். காது சில சமயம் சாதியை மீறிவிடும்.

இன்னொரு வேடிக்கை அவர் பெயரிலேயே இருக்கிறது. மாதங்கி. சங்கீதத்தின் தெய்வம் என்று வித்வான்கள் கும்பிடுகிற அம்மன். தந்திர நூல்களில் இவள் யார்? சண்டாளி. எச்சில் சோற்றைப் படையலாக ஏற்கிறவள், தீட்டுக்குரியவள். சேரியில் பிறந்தவளைத் தூக்கி இசைத் தெய்வமாக்கி வீணையைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் பிறந்த தெருவின் மேளத்தை வெளியே நிறுத்திவைத்தார்கள். எம்.ஐ.ஏ. தன் நாலாவது தட்டுக்கு 2013ல் 'மாதங்கி' என்றே பெயர் வைத்தார்.

இவ்வளவும் சொன்னபிறகு கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

2007ல் இந்தத் தட்டு வந்தபோது எம்.ஐ.ஏ. ஒரு பேட்டியில் வெடித்தார். அவருடைய இசையை எல்லாம் டிப்ளோ என்கிற வெள்ளைக்கார ஆண் தயாரிப்பாளர்தான் செய்தார் என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. 'கலா'வின் மூளை நான், பெண் என்பதாலும் நிறத்தாலும் என் உழைப்பை இன்னொருத்தன் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பது அவர் கோபத்தின் சாரம். நியாயமான கோபம். அதே நியாயத்தை இன்னும் ஒரு படி கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். நான் படித்த விமர்சனங்களில் உறுமி என்ற பெயர் வருகிறது. அடித்தவர் பெயர் வரவில்லை. பெயர் போடவே முடியாது என்றும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் வில்கேனியா மாப் குழு ஒரு பாட்டில் வருகிறது. பாட்டுப் பட்டியலிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. நைஜீரிய வம்சாவளி லண்டன் பையன் ஆஃப்ரிக்கன் பாய்க்கும் அப்படியே. வாய் திறந்து பாடினவனுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. தோலில் பேசினவனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

'பேர்ட் ஃப்ளூ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 2003ல் வந்த 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டிலிருந்து வெட்டிய துண்டு இருக்கிறது. அதற்கு இசையமைப்பாளர் ஆர்.பி. பட்நாயக் பெயர் முறையாகப் போடப்பட்டிருக்கிறது. தட்டின் முதல் பாட்டில் 'தளபதி' படத்துப் பாட்டு வருகிறது, இளையராஜா பெயர் இருக்கிறது. சரிதான். ஆனால் அந்தத் திருவிழா அடி சினிமாக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? திருவிழாவிலிருந்து. தெருவிலிருந்து கோடம்பாக்கம், கோடம்பாக்கத்திலிருந்து லண்டன். முதல் கைமாற்றத்திலேயே பெயர் தொலைந்துவிட்டது. லண்டன்காரர்கள் கோடம்பாக்கத்தோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

இது அவர் ஒருத்தரின் குற்றமில்லை, நம் ஊர் பழக்கம். மிருதங்கத்துக்குத் தோல் கட்டிக் கொடுத்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020ல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த மண்டபத்தைக் கலாசேத்திரா கடைசி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. 2021ல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் சுற்றியது. பாட்டை எழுதிப் பாடியவர் அறிவு. ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் முதலில் அவர் படம் இல்லை. சத்தம் போட்டபிறகு தனியாக ஒரு அட்டை போட்டார்கள். பெயர் தெரிந்த, படித்த, மைக் பிடித்த தலித் கலைஞனுக்கே இந்த நிலைமை.

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு தெரிந்திருக்கும். விசா மறுக்கப்பட்ட எரிச்சலில் பிறந்தது, துப்பாக்கியும் கல்லாப்பெட்டியும் சத்தம் போடுகிற பாட்டு. 2008ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் நாலாவது இடத்துக்கு ஏறியது. உள்ளே விடாத நாட்டில் பிள்ளைகள் எல்லாம் அதைப் பாடின. எனக்கு அதைவிடப் 'பாய்ஸ்'தான் பிடிக்கும், அது வேறு விசயம். அந்தப் 'பேப்பர் பிளேன்ஸ்' இசைக்கு அடியில் ஓடுவது கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழுவின் 1982ம் வருசத்துப் பாட்டு. அதனால் கிளாஷ் குழுவின் நாலு பேரும் அந்தப் பாட்டின் ஆசிரியர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். பாட்டுக்கு ஆசிரியர் என்றால் பாட்டு ஓடுகிறவரைக்கும் பங்கு உண்டு. சட்டம் அப்படி. ஆனால் பரம்பரையாகக் கைக்குக் கை வந்த அடிக்குச் சட்டத்தில் ஆசிரியர் கிடையாது. கூடத்தில் வந்து அடித்துவிட்டுப் போனவருக்கு அன்றைக்கு உள்ள கூலியோடு சரி.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் உறுமி அடிக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கிறார், எனக்குச் சித்தப்பா முறை. அவருக்கு ஒருநாள் செல்போனில் 'பாய்ஸ்' போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டார். விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"நம்ம அடிதான்ப்பா. நல்லாத்தான் அடிச்சிருக்கானுக" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா ஒண்ணு, அடிச்சதையே திருப்பித் திருப்பிப் போடுறானே. கைக்குக் கை கொஞ்சம் மாறும்ல? இது மாறவே இல்ல."

வெட்டி ஒட்டுவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அடித்ததைப் பதிவு செய்து, ஒரு துண்டு எடுத்து, கணினியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட விடலாம் என்றேன்.

"அப்ப நாலு அடிக்குக் கூலி குடுத்துட்டு நாப்பது வருசத்துக்கு அடிக்க விடலாம்" என்று சிரித்தார். அவருக்கு ஒரு எழவுக்கு விடிய விடிய அடித்தால்தான் அன்றைக்குக் காசு. பிறகு கேட்டார், "இந்தப் பாட்டு யாரு பேருல இருக்கு?"

மாயா அருள்பிரகாசம், டேவ் டெய்லர் என்று இரண்டு பேர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றேன்.

"ரெண்டு பேரு அடிச்ச சத்தமாப்பா இது?" என்றார்.